சதுரங்கம்: ஒரு சொல்லின் திக்குவிசயம்

ஊருக்குப் பெயர் உண்டு. பெயருக்குப் பொருள் உண்டு. பொருளுக்கு வரலாறு உண்டு. எமது உடையார்கட்டையே எடுத்துக்கொள்வோம். உடையார் என்பது ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிக் காலங்களில் வழங்கிய ஓர் ஊர்த்தலைமைப் பதவி. கட்டு என்பது நீரை மறித்துக் கட்டிய அணை. அப்பதவி ஒழிந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஓடும் பஸ்ஸின் நடத்துனர் நாள்தோறும் அப்பதவிப் பெயரைக் கூவிக்கொண்டே செல்கிறார். மனிதர் மறந்தவற்றையும் சொற்கள் மறப்பதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய ஒரு சொல்லின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது சதுரங்கம் என்னும் சொல். எமது பிள்ளைகள் பாடசாலைகளில் ‘செஸ்’ என்று சொல்லி ஆடும் ஆட்டத்தின் பெயர் அது. இந்தியாவிற் பிறந்த அவ்வாட்டம் உலகெங்கும் பரவியதை யாவரும் அறிவர். ஆட்டத்தோடு அதன் பெயரும் நாடு நாடாகச் சென்று, வேடம் மாறி, ஈற்றில் எமது வீட்டு வாயிலுக்கே வேற்று முகத்தோடு திரும்பி வந்து நிற்பதை அறிந்தோர் சிலரே.

நாற்படையும் எட்டடிப் பலகையும்

சதுரங்கம் என்பது வடசொல். சதுர் என்பது நான்கு. அங்கம் என்பது உறுப்பு. நான்கு உறுப்புக்களை உடையது என்பதே அதன் பொருள். எதன் உறுப்புக்கள்? படையின் உறுப்புக்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கையும் படையின் உறுப்புக்களாக வடமொழி நிகண்டாகிய அமரகோசம் கூறுகின்றது. இராமாயணத்திலும் பாரதத்திலும் சதுரங்க சேனை என்னும் வழக்கைப் பல இடங்களிற் காணலாம். தமிழ்ப் புலவர் இதனை நாற்படை என்றும் நால்வகைத் தானை என்றும் மொழிபெயர்த்து வழங்கினர். மிகப் பழைய தமிழ் இலக்கணமாகிய தொல்காப்பியமோ, புறத்திணை இயலில் தானை, யானை, குதிரை என மூன்றையே எண்ணிக் கூறுகின்றது. எனவே நான்காக எண்ணும் முறை வடநாட்டு வழக்கினின்று வந்தது எனக் கொள்ளலாம்.

பாரதம் கூறும் படைக்கணக்கு இன்னும் நுட்பமானது. ஒரு தேருக்கு ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் என்பது அடிப்படை. இவ்வாறு பெருகிய ஓர் அக்குரோணியில் 21,870 தேரும், 21,870 யானையும், 65,610 குதிரையும், 1,09,350 காலாளும் உண்டு. குருக்ஷேத்திரத்தில் நின்றவை பாண்டவர்க்கு 7, கௌரவர்க்கு 11, ஆக 18 அக்குரோணி. இப்பெருஞ் சேனையைச் சுருக்கி, யானை 2, குதிரை 2, தேர் 2, காலாள் 8, அரசன், மந்திரி என ஒரு பக்கத்திற்கு 16 காய்களாக ஒரு பலகையில் நிறுத்தியவன் எவனோ, அவன் பேரறிஞன் என்பதில் ஐயமில்லை.

பலகை ஆட்டத்தினும் பழையது. எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் கொண்ட பலகைக்கு அட்டாபதம் என்று பெயர். எட்டடி என்பது பொருள். பௌத்தரின் பாளி நூலாகிய பிரமஜால சூத்திரம், துறவிகள் விலக்க வேண்டிய விளையாட்டுக்களுள் எட்டடிப் பலகையாட்டத்தையும் பத்தடிப் பலகையாட்டத்தையும் சேர்த்துச் சொல்லுகின்றது. அங்கே படையைப் பற்றிய பேச்சே இல்லை. பலகையும் படையும் ஒன்றாகத் தோன்றும் சிறந்த பழஞ்சான்று கி. பி. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதம். ஹர்ஷவர்த்தனரின் ஆட்சியில் போர் இல்லை. சதுரங்கத்தின் அணிவகுப்பைக் கற்பிப்பவை எட்டடிப் பலகைகள் மாத்திரமே என்று கவி சிலேடையாக அரசனைப் புகழ்கின்றார். படைகள் பலகையோடு நின்றுவிடும் நாடே நல்ல நாடு என்பது அதன் உட்கருத்து. இக்கருத்தின் அருமையை வன்னி மண்ணில் வாழ்வோர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

சதுர அரங்கமா?

இச்சொல்லுக்கு வேறொரு விளக்கமும் எம்மவரிடையே வழங்குகின்றது. பலகை சதுரமாக இருத்தலின் ‘சதுர அரங்கம்’ என்பதே சதுரங்கம் ஆயிற்று என்பது அது. மேடைகளிலும் இவ்வாறு சிலர் சொல்வதுண்டு. கேட்பதற்கு இனிதாயினும் இது பொருந்தாது. காரணம் மூன்று.

முதலாவது, சதுர அரங்கம் எனின் சொல்லில் இரண்டு ரகரம் நிற்றல் வேண்டும். சதுரங்கத்தில் ஒன்றே உண்டு. இரண்டாவது, ஆட்டத்திற்குப் பெயராகும் முன்னரே இச்சொல் படைக்குப் பெயராக வழங்கியது. போர்க்களத்தில் யானையும் தேரும் பரந்து நின்ற சேனையை எவரும் சதுர மேடை என்று அழைத்திரார். மூன்றாவது, இச்சொல் பிற நாடுகளுக்குப் போனபோது அங்கும் ஒரே ரகரத்தோடுதான் போயிற்று. இதனைப் பின்னர்க் காண்போம்.

சதுரம் என்னும் சொல்லும் நான்கு என்னும் பொருளுடைய சதுர் என்பதன் அடியாக வந்ததே. ஆகவே சதுரமும் சதுரங்கமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். உடன்பிறந்தாரைத் தந்தையும் மகனும் என்று சொல்லுதல் கூடாதன்றோ?

மேற்கே போன சொல்

இந்திய அரசன் ஒருவன் பாரசீக மன்னன் குஸ்ரு அனுஷிர்வானுக்கு இவ்வாட்டத்தைப் புதிராக அனுப்பினான் என்றும், அம்மன்னனின் மந்திரி அதன் விதிகளைத் தானே கண்டறிந்தான் என்றும் பழைய பகலவி மொழிக் கதையொன்று கூறும். அம்மன்னன் ஆண்ட காலம் கி. பி. 531 முதல் 579 வரை. பிர்தௌசி 1010ஆம் ஆண்டளவில் முடித்த ஷாநாமா என்னும் பெருங்காப்பியத்திலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. கதை எவ்வாறாயினும், ஆட்டம் இந்தியாவிலிருந்து வந்தது என்பதைப் பாரசீகரே ஒப்புக்கொண்டு எழுதிவைத்தமை சிறந்த சான்றாகும். தன் வீட்டுப் பொருளைப் பிறன் வீட்டுப் பொருள் என்று எவனும் வலிந்து சொல்லான்.

பாரசீகர் சதுரங்கத்தைச் ‘சத்ரங்’ என்றனர். நடுவில் நின்ற உகரம் தேய்ந்தது, ஈறு கெட்டது. 7ஆம் நூற்றாண்டில் அராபியர் பாரசீகத்தை வென்றபோது ஆட்டம் அவர்கள் கைக்குச் சென்றது. அராபிய மொழியில் இச்சொல்லின் முதலில் நிற்கும் வல்லின சகர ஒலி இல்லை. ஈற்றில் நிற்கும் மெல்லோசைக் ககரமும் இல்லை. முன்னதை ‘ஷ’ ஆகவும் பின்னதை ‘ஜ’ ஆகவும் ஒலிப்பது அவர் வழக்கம். ஆகவே சத்ரங், ‘ஷத்ரஞ்ஜ்’ ஆயிற்று. பாக்தாதில் இவ்வாட்டத்திற்கெனத் தனிநூல்கள் எழுந்தன. 10ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த அஸ்ஸூலி என்பவர் அங்கே பெரும் புகழ் பெற்ற ஆட்டக்காரர்.

அராபியர் ஸ்பெயின் நாட்டை ஆண்டபோது சொல்லும் அங்கே சென்றது. ஸ்பானியர் தமது மொழியில் ‘அஹெத்ரேஸ்’ என்கின்றனர். போர்த்துக்கேயர் ‘ஷத்ரேஸ்’ என்கின்றனர். காஸ்தில் நாட்டு மன்னன் 10ஆம் அல்போன்ஸோ 1283ஆம் ஆண்டில் எழுதுவித்த விளையாட்டு நூலில் இவ்வாட்டமே முதலிடம் பெறுகின்றது. கிரேக்கர் ‘ஸத்ரிகியோன்’ என்றனர். மொங்கோலியர் ‘ஷதர்’ என்பர். மலாய் மக்கள் ‘சாத்தூர்’ என்பர். இவை யாவும் சதுரங்கத்தின் மக்களும் பேரர்களுமே. எங்கும் ஒரு ரகரமே நிற்றலை நோக்குக.

மன்னன் பெயராற் பிறந்த செஸ்

அங்ஙனமாயின் ‘செஸ்’ என்பதும் சதுரங்கத்தின் திரிபா? அவ்வாறு சொல்வோரும் உளர். முதலெழுத்தின் ஒற்றுமையே அவரை மயக்குகின்றது. உண்மை வேறு.

பாரசீகத்தில் அரசனுக்கு ‘ஷா’ என்று பெயர். ஆடுபவர் எதிரியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று கூறி எச்சரிப்பது மரபு. ஸ்பெயினுக்கு வெளியே இருந்த ஐரோப்பியர் ஆட்டத்தின் முறையான பெயரை விட்டு, பலகையருகே அடிக்கடி கேட்ட இக்கூவலையே பெயராகக் கொண்டனர். இலத்தீனில் அது ‘ஸ்காக்கி’ ஆயிற்று. பிரான்சியர் ‘எஷெக்’ என்றனர். ஜேர்மானியர் ‘ஷாக்’ என்றனர். பழைய பிரான்சிய மொழியின் பன்மை வடிவமே ஆங்கிலத்தில் ‘செஸ்’ என நின்றது. எனவே செஸ் என்பதற்கு ‘அரசர்கள்’ என்பதே சொற்பொருள்.

‘செக்மேற்’ என்பது பாரசீகத்து ‘ஷா மாத்’ என்பதன் திரிபு. அராபியத்தில் மாத் என்றால் இறந்தான் என்று பொருள்படும். ஆதலின் ‘அரசன் இறந்தான்’ என்று பலர் உரைப்பர். பாரசீகத்திலோ மாத் என்பது செயலற்று நிற்றலைக் குறிக்கும். அரசன் வழியின்றி நின்றான் என்பதே அறிஞர் பலர் கொள்ளும் பொருள். ஆட்ட முறையும் அதனோடு பொருந்துகின்றது. ஏனைய காய்கள் வெட்டுண்டு பலகையை விட்டுப் போகும். அரசன் மாத்திரம் வெட்டுண்பதில்லை. உருசியர் ஆட்டத்திற்கே ‘ஷாக்மத்தி’ என்று பெயரிட்டுள்ளனர்.

இங்கும் ஓர் உறவு மறைந்து நிற்கின்றது. ஆளுதல் என்னும் பொருளுடைய பழைய வேரொன்றிலிருந்தே பாரசீகத்தின் ஷா பிறந்தது. வடமொழியின் க்ஷத்திரம், க்ஷத்திரியன் என்னும் சொற்களும் அவ்வேரிலிருந்தே பிறந்தன. ஆகவே செஸ் என்பது சதுரங்கத்தின் பிள்ளை அன்றாயினும், தூரத்து உறவினன்தான்.

வேடம் மாறிய படைஞர்

ஆட்டத்தின் பெயரைப் போலவே காய்களின் பெயர்களும் வழியில் மாறின. யானையைப் பாரசீகர் ‘பீல்’ என்றனர். அராபிய மொழியில் பகரம் இல்லாமையால் அது ‘பில்’ என இதழும் பல்லும் கூட ஒலிக்கும் சொல்லாயிற்று. ஸ்பானியர் இன்றும் அக்காயை ‘அல்பில்’ என்றே அழைக்கின்றனர். ஆனால் அச்சொல்லுக்கு யானை என்று பொருள் என்பது அவர்க்கு மறந்துபோயிற்று. யானையைக் காணாத ஆங்கிலேயர் அக்காயைக் கிறிஸ்தவ மேற்றிராணியார் ஆக்கினர். யானைத் தந்தங்களாகச் செதுக்கிய இரு முனைகள் மேற்றிராணியாரின் முடியைப் போலத் தோன்றின என்பர். பிரான்சியர் அதனையே கோமாளி ஆக்கிவிட்டனர். உருசியர் இன்றும் யானை என்றே சொல்லுகின்றனர்.

மந்திரியின் கதை இன்னும் வியப்பானது. அராபியர் அதனைப் ‘பிர்ஸ்’ என்றனர். மந்திரி என்பது பொருள். ஐரோப்பாவில் அது 10ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் அரசியாக மாறத் தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஒரே ஒரு கட்டம் மூலைவாட்டில் நகர்ந்த அக்காய், ஸ்பெயினில் எழுந்த புதிய விதிகளால் பலகையிலேயே மிக்க ஆற்றலுடையதாயிற்று.

தேர் கோட்டையாயிற்று. பாரசீகத்தில் அதன் பெயர் ‘ருக்’. இத்தாலிய மொழியில் ‘ரொக்கா’ என்றால் கோட்டை. ஒலி ஒற்றுமை பொருளையே மாற்றிவிட்டது என்பர். வங்காளத்திலும் உருசியாவிலும் அதே தேர் படகாக மாறி மிதக்கின்றது. குதிரை ஒன்றே எங்கும் பெரிதும் மாறாமல் நின்றது. குதிரையைக் காணாத நாடு இல்லை என்பதே காரணம் போலும்.

காலாளின் பெயரோ எமக்கு மிக அணித்தே உள்ளது. ஆங்கிலேயர் அதனைப் ‘போன்’ என்பர். இலத்தீனில் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த அது, நடந்து செல்பவன் என்று பொருள்படும். தமிழில் நாம் காலாள் என்பதும் அதே கருத்து. போர்த்துக்கேய மொழியில் அதன் உடன்பிறப்பான சொல் காலாட்படை வீரனைக் குறித்தது. அவர்கள் வழியே கீழைநாடுகளுக்கு வந்து, கந்தோர்களில் கடிதம் சுமக்கும் ஊழியனுக்குப் பெயராயிற்று. அதுவே ‘பியோன்’. கதிரை, மேசை, அலுமாரி ஆகியவற்றைத் தந்த அதே மொழிதான் பியோனையும் தந்தது. ஆகவே கந்தோர் வாயிலில் இருக்கும் பியோனும் பலகையின் முன்வரிசையில் நிற்கும் காலாளும் சொல்லளவில் ஒருவரே.

செக்கும் காசோலையும்

‘ஷா’ என்னும் சொல் ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று என்றோம். அரசனைத் தடுத்து நிறுத்துதல் என்பதிலிருந்து, தடுத்தல், சரிபார்த்தல் என்னும் பொருள்கள் அச்சொல்லுக்குக் கிளைத்தன. கட்டம் கட்டமாக அமைந்த பலகையைப் பார்த்து, கட்டம் போட்ட துணியும் அப்பெயர் பெற்றது. எம்மவர் ‘செக்’ சேட்டு, ‘செக்’ சாரம் என்று கேட்டு வாங்கும்போது, தாம் சதுரங்கப் பலகையின் பெயரைச் சொல்வதாக எண்ணுவதில்லை.

12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரச வருமானத்தைக் கணக்கிட, 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசையொன்றைப் பயன்படுத்தினர். அதன்மேல் கட்டங்கள் கொண்ட துணியை விரித்து, கட்டங்களில் வில்லைகளை வைத்தும் நகர்த்தியும் எண்ணினர். பார்ப்பதற்குச் சதுரங்கம் ஆடுவது போலவே இருந்தமையால், சதுரங்கப் பலகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அத்திணைக்களத்தை அழைத்தனர். இதுவே ‘எக்ஸ்செக்கர்’ என்னும் சொல்லின் தோற்றம். அந்நாட்டு நிதியமைச்சர் இன்றும் அப்பட்டப்பெயரையே தாங்கி நிற்கின்றார். வங்கியில் நாம் எழுதிக் கொடுக்கும் ‘செக்’, அதாவது காசோலை, சரிபார்த்தல் என்னும் பொருளில் அதே குடும்பத்திற் பிறந்தது.

இக்குடும்பத்தில் இன்னுமொரு சொல்லை வன்னி மக்கள் நன்கு அறிவர். ‘செக் பொயின்ற்’ என்பது அது. 2002ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தையைக் கடந்து சென்றோர், மூட்டையை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி நின்றபோது வாயில் வழங்கிய சொல். பாரசீக அரசவையில் ஆட்டக்காரன் மகிழ்ந்து கூவிய ‘ஷா’ என்பதே அதன் மூலம் என்று அறியும்போது, சொற்கள் எத்துணைத் தூரம் நடக்கின்றன என்று மனம் திகைக்கின்றது.

எமது பழஞ்சொல்

சதுரங்கம் வடசொல் என்றமையால், தமிழர்க்குப் பலகையாட்டம் இல்லை என்று கொள்ளற்க. ‘வல்’ என்பது சூதாட்டக் கருவிக்கு வழங்கிய பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இச்சொல்லுக்கெனவே புணர்ச்சி விதி கூறுகின்றார். அதன்பின் நாய் என்னும் சொல்லும் பலகை என்னும் சொல்லும் வரும்போது நிகழும் மாற்றத்தையும் தனியே எடுத்துரைக்கின்றார். வல்லநாய், வல்லப்பலகை என உரையாசிரியர் உதாரணம் காட்டுவர். இங்கே நாய் என்பது ஆட்டக் காய். கிரேக்கரும் தமது பலகையாட்டம் ஒன்றின் காய்களை நாய்கள் என்றே அழைத்தனர் என்பது வியப்புக்குரியது. இலக்கண ஆசிரியர் விதி வகுக்கும் அளவிற்கு அச்சொற்கள் மக்கள் வாயில் நாளும் வழங்கின என்பது தெளிவு.

தமிழ்நாட்டில் நீடாமங்கலம் – மன்னார்குடி வழியில் உள்ள திருப்பூவனூர் ஆலயத்தில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசன் மகளாக வளர்ந்த இராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் எவராலும் வெல்ல இயலாதிருக்க, சித்தர் கோலத்தில் வந்த சிவபெருமான் ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். அத்தலம் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு நாயனாரின் பதிகம் பெற்றது. தலபுராணத்தைக் கொண்டு ஆட்டத்தின் காலத்தைக் கணித்தல் இயலாது. ஆயினும் கடவுளையே ஆட்டக்காரராகக் கண்டு வழிபடும் அளவிற்கு இச்சொல் தமிழர் நெஞ்சில் இடம்பெற்றது என்பதை அது காட்டும். 2022ஆம் ஆண்டில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றபோதும், 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் தமது 18ஆம் வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்தை வென்றபோதும், திக்குவிசயம் சென்ற சொல் தன் வீடு திரும்பியது போல இருந்தது.

இளைஞர் செய்யத்தக்கது

அன்பர்களே, எம்மொழிப் பெருமையைப் பேசுவோர் சிலர், உலகின் எல்லாச் சொற்களும் தமிழே என்று நிறுவ முயல்கின்றனர். வேறு சிலர், எமக்கென எதுவுமே இல்லை என்று தளர்கின்றனர். இரண்டும் ஆராயாமையின் பயன். சதுரங்கம் வடசொல், செஸ் பாரசீகத்தின் வழிவந்தது, வல் தமிழ் என்று சான்றோடு சொல்பவனை எவரும் மறுத்தல் இயலாது. சான்றில்லாத பெருமையைக் கூறுபவன் ஒருமுறை பிழைபட்டால், அவன் பின்னர்ச் சொல்லும் மெய்யையும் உலகம் நம்பாது.

2009ஆம் ஆண்டில் எம் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தனர். ஏடுகளும் படங்களும் பலகைகளும் பெட்டகங்களும் போயின. மீண்டு வந்தபோது உடன் வந்தவற்றுள் முதியோர் நாவில் இருந்த சொற்கள் முக்கியமானவை. அவற்றுக்கு முத்திரையும் இல்லை, உறுதியும் இல்லை. சொன்னவர் மறைந்தால் சொல்லும் மறையும்.

ஆகவே சங்க இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தத்தம் அப்பு, ஆச்சியிடம் செல்லுக. தாயம் ஆடும்போது ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் என்ன பெயர் சொன்னார்கள்? பல்லாங்குழியில் வெறுங்குழிக்கு என்ன பெயர்? வெட்டுண்ட காயை எப்படி அழைத்தார்கள்? நிலத்தில் கீறிய கோட்டிற்கும் கட்டத்திற்கும் வழங்கிய சொற்கள் யாவை? சொன்னவர் எந்த ஊரிற் பிறந்தவர் என்பதையும் சேர்த்து எழுதுக. கேட்டதைத் திருத்தாமல் கேட்டபடியே எழுதுக. அடுத்த ஆண்டு மலரில் அப்பட்டியல் இரண்டு பக்கம் வந்தாலும், அது எமது ஊர் தன் கையால் எழுதிய வரலாறாகும்.